ஏரிக்கரை நகர விமான நிலையத்தில் முதன்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தனியார் விமானி உரிமம் கைக்கு வந்த புதிதில், நான்கு இருக்கைச் சிறு விமானத்தை எடுத்துக்கொண்டு பெருநகரம் ஒன்றின் நடுவிலேயே போய் இறங்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருவதுண்டு. அமெரிக்காவில் அந்த ஆசைக்கு ஏற்ற இடங்களில் ஒன்று, ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் ஈரி ஏரியின் தென்கரையில் இருக்கும் பர்க் லேக்ஃபிரண்ட் விமான நிலையம். 1947-இல் திறக்கப்பட்ட இந்த நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு நடந்தே போய்விடலாம். நியூ ஆர்லியன்ஸின் லேக்ஃபிரண்ட், டொராண்டோவின் பில்லி பிஷப் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவைதான் என்றாலும், ஓர் இடத்தை முழுமையாகப் பார்ப்பதே பயன் தரும் என்பதால் இங்கே பர்க் நிலையத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தைப் பார்வைவழிப் பறத்தல் விதிகளின்படி, அதாவது வி.எஃப்.ஆர். முறையில், ஓட்டிச் செல்லும் புதியவருக்காக எழுதப்பட்டது இது.

வயல்வெளிக்கு நடுவே இருக்கும் சிறு நிலையத்தில், காற்று திரும்பிவிட்டாலோ ஓடுபாதை உடனே கண்ணில் படாவிட்டாலோ, சற்று விலகிப் போய் ஒரு வட்டமடித்து யோசித்துக்கொள்ளலாம். ஏரிக்கரை நகர நிலையத்தில் அந்த வசதி மிகவும் குறைவு. ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் உயர்ந்த கட்டடங்கள், தலைக்கு மேலே பெரிய விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி என்று மூன்று பக்கமும் நெருக்கும் ஓர் ஒடுங்கிய பட்டைக்குள்தான் கடைசிப் பத்து மைல்களும் கழியும். அந்தப் பட்டைக்குள் நுழைந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. எந்த உயரத்தில் வருவது, எவ்வளவு குறுக்குக் காற்று வரை ஏற்பது, எங்கே திரும்பிப் போவது என்ற மூன்றையும் முந்தின இரவே தாளில் எண்களாக எழுதி முடித்துவிட வேண்டும்.

முதலில், நிலையம் திறந்திருக்கிறதா?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஏரிக்கரை நிலம் எந்த நகரத்திலும் விலை மதிப்பு மிகுந்தது. அங்கே விமான நிலையம் இருப்பதை விரும்பாதவர்களும் எப்போதும் இருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் பழைய பதிப்புகளில் விளையாடியவர்கள் எல்லோரும் அறிந்த சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு, 2003 மார்ச் 30 இரவில் நகர மேயரின் உத்தரவின்பேரில் ஓடுபாதையின் நடுவே பெரிய எக்ஸ் வடிவங்களாகத் தோண்டப்பட்டு, ஒரே இரவில் இல்லாமல் போனது; அங்கே நிறுத்தியிருந்த விமானங்கள் பின்னர், விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் டாக்ஸி பாதையிலிருந்து புறப்பட வேண்டியதாயிற்று. பர்க் நிலையத்தை மூடுவது பற்றிய பேச்சும் கிளீவ்லாந்தில் சில காலமாகவே நடந்துவருகிறது. ஆகவே சார்ட் சப்ளிமென்ட் எனப்படும் அதிகாரபூர்வ நிலையக் கையேட்டின் நடப்புப் பதிப்பையும், நோட்டாம் எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்புகளையும் படிப்பதே முதல் வேலை. பறக்கும் முன் கிடைக்கக்கூடிய எல்லாத் தகவலையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கூட்டாட்சி விமான விதிகளின் 91.103-ஆம் பிரிவே சொல்கிறது. ஓடுபாதை நீளம், வானிலை, எரிபொருள், மாற்று வழி எல்லாம் அதில் அடக்கம்.

நகர நிலையங்களுக்கே உரிய இன்னொரு தடை விளையாட்டு அரங்குகள். 30,000 இருக்கைகளுக்குக் குறையாத அரங்கில் என்.எஃப்.எல். கால்பந்தோ மேஜர் லீக் பேஸ்பாலோ நடக்கும்போது, ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை, அரங்கைச் சுற்றி 3 கடல் மைல் ஆரத்தில், தரையிலிருந்து 3,000 அடி உயரம் வரை பறக்கத் தடை உண்டு. கிளீவ்லாந்தில் கால்பந்து அரங்கம் நிலையத்தின் மேற்கு முனைக்குச் சற்றுத் தள்ளித்தான் நிற்கிறது; பேஸ்பால் மைதானமும் இந்த ஆரத்துக்குள்தான் வருகிறது. பேஸ்பால் பருவத்தில் சொந்த மைதான ஆட்டங்கள் மட்டும் 81. இந்தத் தடை நிலையான ஒரே நோட்டாமாக இருப்பதால், எந்த நாளில் எந்த மணிக்கு ஆட்டம் என்பதை அது தனித்தனியாகச் சொல்வதில்லை. ஆட்ட அட்டவணையை நாம்தான் பார்க்க வேண்டும். பேஸ்பால் எப்போது முடியும் என்பதை யாராலும் சொல்ல முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் தொடர்பிலும் அனுமதியிலும் இருந்துகொண்டு நிலையத்தில் இறங்குபவருக்கும் புறப்படுபவருக்கும் விலக்கு உண்டு. இருந்தாலும் முதல் முறை போகிறவர் ஆட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போவது நல்லது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின வார இறுதியில் பர்க் நிலையத்திலேயே விமானக் கண்காட்சி நடக்கும் என்பதால் அந்த நாட்களை முற்றிலும் தவிர்க்கவும். (1982 முதல் 2007 வரை கார் பந்தயத்துக்கும் இதே ஓடுபாதைகளைத்தான் பயன்படுத்தினார்கள்.)

வரைபடத்தின் மீது ஒரு மாலை

கிளீவ்லாந்து ஹாப்கின்ஸ் பன்னாட்டு விமான நிலையம் நகர மையத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள, அனுமதியின்றி நுழையக் கூடாத கிளாஸ் பி வான்வெளி, தலைகீழாக வைத்த அடுக்குக் கேக் போல, மையத்தில் தரையைத் தொட்டும் வெளியே போகப் போக உயர்ந்தும் நிற்கிறது. செக்ஷனல் எனப்படும் வழக்கமான பறத்தல் வரைபடத்தில் இதெல்லாம் சிறிய எழுத்தில் நெருக்கமாக இருக்கும் என்பதால், கிளீவ்லாந்துக்கென்றே வெளியாகும் டெர்மினல் ஏரியா வரைபடத்தை வாங்குங்கள். அதில் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். மேலே 80, கீழே 30 என்றிருந்தால் அந்த இடத்தில் 3,000 அடியிலிருந்து 8,000 அடி வரை கிளாஸ் பி என்று பொருள். உங்கள் பாதையை பென்சிலால் வரைந்து, அது கடக்கும் ஒவ்வோர் அடுக்கின் கீழ் எண்ணையும் கோட்டின் மேலேயே எழுதி, அதற்கு 300 அடியாவது குறைவாக உங்கள் உயரத்தைத் தீர்மானியுங்கள்.

உயரத்தைக் கீழிருந்து நெருக்குவது நகரம். நெரிசலான பகுதியின் மேல் பறக்கும்போது, 2,000 அடி கிடைத்தூரத்துக்குள் இருக்கும் மிக உயரமான தடையிலிருந்து 1,000 அடி மேலே இருக்க வேண்டும் என்பது 91.119-ஆம் பிரிவின் விதி. கிளீவ்லாந்தின் மிக உயரமான கட்டடமான கீ டவர் மட்டும் 947 அடி. அது நிற்கும் தரையின் கடல்மட்ட உயரத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், கட்டடங்களுக்கு நேர் மேலே வி.எஃப்.ஆர். விமானத்துக்கு மிச்சமிருக்கும் இடைவெளி எவ்வளவு குறைவு என்பது விளங்கும். ஆகவே புதியவர் நகர மையத்தைக் கடந்து வரும் பாதையை எடுக்காமல், கரையை ஒட்டி வருவதே எளிது.

கிழக்கிலிருந்து கரையோரமாக வருவதையே நான் பரிந்துரைப்பேன். நிலையத்துக்கு வடகிழக்கே கரையோரம் நிற்கும் பெர்ரி அணுமின் நிலையத்தின் குளிரூட்டும் கோபுரங்கள், தெளிவான நாளில் வெகு தொலைவிலிருந்தே தெரியும். ஆனால் மின் நிலையங்களுக்கு அருகே வட்டமடிக்கக் கூடாது என்று நிலையான அறிவிப்பு ஒன்று இருப்பதால், அதை அடையாளமாகப் பார்த்துக்கொண்டு கடந்து போய்விட வேண்டும், படமெடுக்க நிற்கக் கூடாது. அங்கிருந்து கரையைப் பிடித்தால் வழி தவறவே முடியாது. இடையில் கையாஹோகா கவுண்டி விமான நிலையத்தின் கிளாஸ் டி வான்வெளி, அதாவது வானொலித் தொடர்பு ஏற்பட்ட பிறகே நுழையக்கூடிய வான்வெளி, இருக்கிறது. அதன் கட்டுப்பாட்டாளரிடம் பேச வேண்டுமா, மேலே போக வேண்டுமா என்பதையும் வரைபடத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஹாப்கின்ஸைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் ரேடாருக்கு உயரம் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவியும், 2020 ஜனவரி 1 முதல் விமானத்தின் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி அவுட் கருவியும் கட்டாயம். கிளாஸ் பி எல்லையைத் தாண்டவே போவதில்லை என்றாலும் இது பொருந்தும். வாடகை விமானமாக இருந்தால் கருவி வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடவும்.

ஏரியின் வானிலை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் இரண்டு முறை படிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். ஏரிக்கரை ஓடுபாதைகள் பெரும்பாலும் கரைக்கு இணையாகத்தான் அமையும். ஏரியைத் தூர்த்து எடுத்த நிலம் நீளவாக்கில்தான் கிடைக்கும் என்பதே காரணம். பர்க் நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் 6-24 என்ற ஒரே திசையில் (ஒரு முனையிலிருந்து 60 பாகை, மறுமுனையிலிருந்து 240 பாகை), கரையோடு ஒட்டி ஓடுகின்றன. ஆனால் ஏரிக்காற்றோ கரைக்குச் செங்குத்தாக வீசுவது. வசந்த காலத்தில் நிலம் வெயிலில் சூடேறியிருக்க, ஏரி நீர் இன்னும் பனிக்காலக் குளிரிலேயே இருக்கும். முற்பகல் வரை அமைதியாக இருந்த வானம், நண்பகலுக்குப் பிறகு ஏரியிலிருந்து நிலத்தை நோக்கிக் குளிர்ந்த காற்றை அனுப்பத் தொடங்கும். கரைக்கு இணையான ஓடுபாதையில் அந்தக் காற்று அப்படியே குறுக்குக் காற்றாகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஓடுபாதை 24, அதாவது திசை 240. காற்று 300-லிருந்து 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) என்றால் இடைக்கோணம் 60 பாகை. குறுக்குக் கூறு 12 நாட். அதே காற்று 320-க்குத் திரும்பினால் கோணம் 80 பாகை. 14 நாட்டும் ஏறத்தாழ முழுவதுமாகக் குறுக்கே வந்துவிடும். நினைவில் வைக்க எளிய கணக்கு: 30 பாகைக்குக் காற்றின் பாதி, 45 பாகைக்குப் பத்தில் ஏழு, 60 பாகைக்குப் பத்தில் ஒன்பது. செஸ்னா 172எஸ் கையேட்டில் செய்து காட்டப்பட்டதாகக் குறித்திருக்கும் குறுக்குக் காற்று 15 நாட். அது அனுபவமுள்ள விமானி காட்டிய எண். உங்கள் எண் அதைவிடக் குறைவாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். அண்மையில் பயிற்றுநருடன் எவ்வளவு குறுக்குக் காற்றில் நிம்மதியாக இறங்கினீர்களோ, அதையே எல்லையாக எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தில் வரும் மெட்டார் வானிலை அறிக்கையின் காற்றுத்திசை உண்மை வடக்கை வைத்தது என்பதையும், டவர் எனப்படும் கட்டுப்பாட்டுக் கோபுரமும், நிலையத் தகவலைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஏட்டிஸ் ஒலிபரப்பும் சொல்வது காந்த வடக்கை வைத்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஓடுபாதை எண்ணும் காந்தத் திசைதான்.

புறப்படும் நாளன்று காலையிலிருந்தே ஹாப்கின்ஸ், பர்க் இரண்டின் மெட்டாரையும் மணிக்கொரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்நாட்டில் தென்மேற்குக் காற்றும் கரையில் வடக்குக் காற்றும் வீசத் தொடங்கினால் ஏரிக்காற்று எழுந்துவிட்டது என்று பொருள். வசந்தத்தில் காலையிலேயே போய் இறங்கிவிடுவது நல்லது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

மாற்று நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே தவறு ஒளிந்திருக்கிறது. மிக அருகில் இருப்பது கையாஹோகா கவுண்டி நிலையம். ஆனால் அதன் ஓடுபாதையும் 6-24. குறுக்குக் காற்றுக்குப் பயந்து ஓடுபவருக்கு அதே திசை ஓடுபாதை எந்த வகையில் உதவும்? தெற்கே உள்ள ஆக்ரன்-கான்டன் நிலையத்தில் 5-23 தவிர 1-19 என்ற ஓடுபாதையும் இருக்கிறது. ஏரியிலிருந்து விலகியிருப்பதால் ஏரிக்காற்றும் அங்கே தளர்ந்துவிடும். அங்கே போய்ச் சேரவும், அதன் பிறகு பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கவும் எரிபொருள் மிச்சமிருக்குமாறு கணக்கிடுங்கள். சட்டம் கேட்பது முதலில் இறங்க நினைத்த நிலையம் வரைக்குமான எரிபொருளும் இந்த மிச்சமும் மட்டுமே. ஆனால் முன்பின் தெரியாத இடத்துக்குப் போகிறவர் ஒரு மணி நேரத்துக்கான எரிபொருளை மிச்சம் வைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

காற்றைத் தவிர மூன்று விஷயங்கள். வசந்தத்தில் வெப்பமும் ஈரமும் கொண்ட காற்று குளிர்ந்த நீரின் மேல் நகரும்போது எழும் மூடுபனி, ஏரியின் மேல் சுவர் போல நின்றுகொண்டு காற்று திரும்பியதும் ஓடுபாதையை மூடிவிடக்கூடும். பனிக்காலத் தொடக்கத்தில், ஏரி உறைவதற்கு முன், ஏரியிலிருந்து எழும் பனிப்பொழிவு ஒடுங்கிய பட்டைகளாக வந்து சில நிமிடங்களில் பார்வையை அழித்துவிடும். மூன்றாவது கார்புரேட்டர் உறைதல்: ஏரிக்காற்றின் ஈரம் அதற்கு ஏற்றது, வெளியே வெப்பநிலை இதமாக இருக்கும்போதும் அது நேரும். கார்புரேட்டர் பொருத்திய பழைய எஞ்சினாக இருந்தால், இறங்குவதற்காக விசையைக் குறைக்கும் முன்பே சூடேற்றும் குமிழை இழுத்துவிடுங்கள்.

தண்ணீருக்கு மேல் எவ்வளவு தூரம்?

எஞ்சின் நின்றால் செஸ்னா 172 ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் சறுக்கிச் செல்லும். ஈரி ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 570 அடி உயரத்தில் இருப்பதால், உயரமானியில் 2,500 காட்டும்போது தண்ணீரிலிருந்து உங்கள் உயரம் 1,930 அடிதான். கையேட்டின்படி மூன்று மைலுக்குச் சற்றுக் குறைவாகப் போகலாம். ஆனால் எஞ்சின் நின்றதை உணர்வதற்கு ஆகும் நொடிகள், கரையை நோக்கித் திரும்புவதில் இழக்கும் உயரம், கரையிலிருந்து வீசும் எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்தால் அதில் பாதிதான் கையில் நிற்கும். அந்தப் பாதியையே உங்கள் எல்லையாக வைத்துக்கொண்டு, அந்த உயரத்தில் கரையிலிருந்து ஒன்றரை மைலுக்கு மேல் விலகாமல் பறக்கவும். கட்டுப்பாட்டாளர் ஏரிக்குள் வெகுதூரம் போகச் சொன்னால், கரையிலிருந்து சறுக்கும் தூரத்துக்குள் இருக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். "அனேபிள்" (இயலாது) என்ற ஒரு சொல்லும் காரணமும் போதும்; அவர் வேறு வழி தருவார்.

கட்டணத்துக்குப் பறக்காத தனியார் ஒற்றை எஞ்சின் விமானத்தில் உயிர்காப்பு உடை இருந்தாக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அணிந்துகொள்ளுங்கள். இருக்கைக்குப் பின்னால் பையில் கிடக்கும் உடை தண்ணீருக்குள் பயன்படாது. இடுப்பில் கட்டும், இழுத்தால் காற்று நிறையும் வகை வசதியானது. பயணிகளுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: விமானத்துக்குள் இருக்கும்போது அதை ஊதக் கூடாது, வெளியேறிய பிறகே ஊத வேண்டும், உள்ளே ஊதிவிட்டால் மிதக்கும் உடை கூரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் இறங்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் கதவை முன்கூட்டியே திறந்து வைத்து, படகு ஏதாவது தெரிந்தால் அதன் அருகில், மிகக் குறைந்த வேகத்தில் இறங்க வேண்டும். குளிர்ந்த நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவரவும், அடுத்த பத்து நிமிடம் கைகால்களைப் பயன்படுத்தவும் கிடைக்கும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். ஆகவே வானிலேயே 121.5 என்ற அவசர அலைவரிசையிலோ, பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலோ இருப்பிடத்தைச் சொல்லிவிடுவதுதான் மிகப் பெரிய உதவி.

வானொலியும் நுழைவும்

கிளீவ்லாந்து அப்ரோச் எனப்படும் ரேடார் கட்டுப்பாட்டு மையத்திடம் ஃபிளைட் ஃபாலோயிங் (வழிநெடுக ரேடார் கண்காணிப்பு) கேட்டு வருவது புதியவருக்கு மிகவும் பாதுகாப்பான வழி. ரேடாரில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், இடையிலுள்ள வான்வெளிகளை ஒருங்கிணைத்து, உரிய நேரத்தில் டவரிடம் ஒப்படைப்பார். ஆனால் ரேடார் சேவை கிடைத்துவிட்டது என்பதற்காக கிளாஸ் பி-க்குள் போக அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. "கிளியர்ட் இன்டு த கிளீவ்லாந்து கிளாஸ் பிராவோ" என்ற சொற்கள் காதில் விழுந்தால் மட்டுமே அனுமதி.

ஃபாலோயிங் இல்லாமல் நேரடியாக டவரை அழைக்கிறீர்கள் என்றால், முதலில் ஏட்டிஸ் ஒலிபரப்பைக் கேட்டு அதன் அடையாள எழுத்தை (கீழே உள்ள அழைப்பில் "கிலோ", அதாவது K) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அழைப்பு: "பர்க் டவர்", உங்கள் விமான வகையும் முழுப் பதிவு எண்ணும், "டுவெல்வ் மைல்ஸ் நார்த்ஈஸ்ட் அலாங் த ஷோர்லைன், டூ தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட், லேண்டிங், வித் இன்ஃபர்மேஷன் கிலோ." டவர் உங்கள் பதிவு எண்ணைச் சொல்லி "ஸ்டாண்ட்பை" என்றால் இருவழித் தொடர்பு ஏற்பட்டுவிட்டது, கிளாஸ் டி-க்குள் நுழையலாம். பதிவு எண்ணைச் சொல்லாமல் "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை" என்று மட்டும் சொன்னால் நுழையக் கூடாது. வெளியிலேயே காத்திருக்க வேண்டும். உங்களுக்கு இடம் பழக்கமில்லை என்பதையும் முதல் அழைப்பிலேயே "அன்ஃபமிலியர்" என்று சேர்த்துவிடுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும், "ஸ்டேடியம்" என்று சுருக்கமாகச் சொல்லவிருந்த கட்டுப்பாட்டாளர் திசையும் தூரமும் சேர்த்துச் சொல்வார்.

வடகிழக்கிலிருந்து வருபவருக்கு 24 பயன்பாட்டில் இருந்தால் நேரடி இறக்கம் கிடைக்கும். 6 பயன்பாட்டில் இருந்தால் நிலையத்தைக் கடந்து மேற்கே போய்த் திரும்ப வேண்டியிருக்கும். இங்கே ஒரு வடிவியல் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: 6 இடது ஓடுபாதைக்கு இடப்பக்கச் சுற்று என்றாலும், 24 வலது ஓடுபாதைக்கு வலப்பக்கச் சுற்று என்றாலும் இறங்கும் திசைக்கு எதிராக ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும் டவுன்விண்ட் பகுதி ஏரியின் மேல்தான் வரும். சுற்று உயரமான 1,000 அடியில் தண்ணீரின் மேல் இருப்பதால், ஓடுபாதையிலிருந்து அரை மைல் அளவில் நெருக்கமாகவே பறக்கவும்.

இறக்கம்

ஏரியின் மேலிருந்து பார்க்கும்போது நகரக் கட்டடங்களின் பின்னணியில் ஓடுபாதை மறைந்து நிற்கும். கண்கள் முதலில் தேட வேண்டியது, கரைக்கு முன்னால் ஏரிக்குள் நீண்ட கோடாகக் கிடக்கும் அலைத்தடுப்புச் சுவரை; அதற்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே மரமோ வீடோ இல்லாத நீண்ட வெளி ஒன்று தெரியும், அதுதான் நிலையம். இணையாக இரண்டு ஓடுபாதைகள் இருக்கின்றன: ஏரிப்பக்கம் உள்ளது ஏறத்தாழ 6,600 அடி நீளமும் 150 அடி அகலமும் கொண்டது, நகரப்பக்கம் உள்ளது ஏறத்தாழ 5,200 அடி நீளமும் 100 அடி அகலமும் கொண்டது. எந்த ஓடுபாதைக்கு அனுமதி என்பதை இடது, வலது என்று சேர்த்தே திரும்பச் சொல்லுங்கள். இறுதிப் பாதையில் நேர்ப்பட்டதும் திசைகாட்டியைப் பார்த்து, வாய்விட்டு ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

அலை, தென்றல், நிழல் எதுவுமற்ற நீர்ப்பரப்பின் மேல் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். ஓடுபாதையோரம் இறங்கும் சரிவைக் காட்டும் பாப்பி விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரியுமாறு வந்தால் சரியான சரிவில் இருக்கிறீர்கள். 75 அடி அகல ஓடுபாதையில் பழகியவருக்கு 150 அடி அகலம் தாழ்ந்துவிட்டது போன்ற மாயையைத் தரும். அதனால் மூக்கை முன்கூட்டியே தூக்கிவிட்டு, உயரத்திலிருந்து விழுந்தாற்போல் இறங்குபவர்கள் உண்டு. ஓடுபாதையின் மறுமுனையைப் பார்த்தபடி பொறுமையாகத் தூக்குங்கள். தெற்குக் காற்று வலுவாக வீசும் நாளில், கட்டடங்களைச் சுற்றிவரும் கலங்கிய காற்று கடைசி 200 அடியில் உலுக்கும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். கடற்காகங்கள் இங்கே எப்போதும் இருக்கும். எதிரே பறவை வந்தால் அது பெரும்பாலும் கீழ்நோக்கிப் பாயும் என்பதால் மேலே ஏறுவது வழக்கம்.

தரையிலிருந்து 200 அடியில் நடுக்கோட்டில் நிற்கவில்லை என்றாலோ, வேகம் கையேட்டு எண்ணிலிருந்து 10 நாட் விலகியிருந்தாலோ மேலெழுந்துவிடுங்கள். அனுமதி கேட்க வேண்டியதில்லை. விசையைக் கொடுத்து, ஏறத் தொடங்கிய பிறகு டவரிடம் சொன்னால் போதும்.

தரையில்

முனையக் கட்டடம் தெற்கே, நகரப்பக்கம் இருக்கிறது. ஏரிப்பக்க ஓடுபாதையில் இறங்கியவர் மற்ற ஓடுபாதையைக் கடந்துதான் அங்கே போக முடியும். "கிராஸ்" என்ற வெளிப்படையான அனுமதி இல்லாமல் அதன் எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது. வழி குழம்பினால் நின்றுவிட்டு "பிராக்ரசிவ் டாக்ஸி" கேளுங்கள்; ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லித் தருவார்கள்.

விமானச் சேவை நிறுவனத்தை முந்தின நாளே தொலைபேசியில் அழைத்து நிறுத்துமிடம், கட்டணம், மூடும் நேரம் ஆகியவற்றைக் கேட்டுவிடுங்கள். குறிப்பிட்ட அளவு எரிபொருள் வாங்கினால் நிறுத்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது பரவலான வழக்கம். வி.எஃப்.ஆர். பறத்தல் திட்டம் பதிந்திருந்தால் அதை நீங்களே மூட வேண்டும். டவர் தானாக மூடாது, எதிர்பார்த்த நேரம் கடந்து 30 நிமிடத்தில் தேடல் தொடங்கிவிடும். நேரமிருந்தால் முனையக் கட்டடத்திலேயே இயங்கும் பன்னாட்டுப் பெண்கள் வான்-விண்வெளி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, நடந்து போகும் தூரத்தில் உள்ள ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் வரை போய் வரலாம்.

புறப்பாடு, குறிப்பாக இருட்டிய பிறகு

நகரத்தில் சாப்பிட்டுவிட்டு இரவில் கிளம்பலாம் என்ற திட்டத்தில்தான் ஆபத்து மறைந்திருக்கிறது. 2016 டிசம்பர் 29 இரவில், பர்க் நிலையத்திலிருந்து கொலம்பஸுக்குக் கிளம்பிய செஸ்னா சைட்டேஷன் ஜெட் ஒன்று, மேலெழுந்து ஏரியின் மேல் வலப்பக்கம் திரும்பிய சிறிது நேரத்திலேயே நீரில் விழுந்து ஆறு பேரும் இறந்தனர். விமானி திசையுணர்வு இழந்ததையே காரணமாக தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. களைப்பும், தானியங்கி ஓட்டி இயங்குகிறதா என்பதில் ஏற்பட்ட குழப்பமும் துணைக் காரணங்கள். நவீனக் கருவிகள் கொண்ட ஜெட்டுக்கே இது நேர்ந்தது என்பதைச் சிறு விமானம் ஓட்டுபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓடுபாதை விளக்குகள் பின்னால் போனதும் முன்னே ஏரிக்கும் வானத்துக்கும் வேறுபாடு தெரியாது. அடிவானம் என்று ஒன்று இருக்காது. திருப்பத்தில் பின்னால் நகர வெளிச்சத்தைத் திரும்பிப் பார்த்தால் உள்காது உடனே பொய் சொல்லத் தொடங்கும்.

கருவிவழிப் பறத்தல் தகுதி இல்லாதவர் இங்கிருந்து முதல் முறை இரவில் புறப்படவே வேண்டாம் என்பது என் கருத்து. கடந்த 90 நாட்களுக்குள் மூன்று முறை இரவில் புறப்பட்டு முழுமையாக நிறுத்தி இறங்கியிருந்தால் பயணிகளை ஏற்றிச் செல்லச் சட்டம் அனுமதிக்கும். ஆனால் விளக்குகள் நிறைந்த ஊருக்கு மேல் செய்த அந்த மூன்றும், நிலவில்லாத ஏரிக்கு உங்களைத் தயார்ப்படுத்தியிருக்கும் என்று கொள்ள முடியாது. தகுதி உள்ளவராகவே இருந்தாலும், சக்கரம் தரையை விட்டதும் கண்களைக் கருவிகளின் மேல் வைத்து, சரிவு நிலைகாட்டியில் இறக்கைகளைச் சமமாகப் பிடித்து, ஏறும் வீதம் நேர்மறையாக இருப்பதைப் பார்த்த பிறகே வேறு எதையும் தொட வேண்டும். டவர் மூடிய பிறகு கிளம்புவதாக இருந்தால், ஓடுபாதை விளக்குகளை மைக் பொத்தானால் நீங்களே ஏற்ற முடியுமா, எந்த அலைவரிசையில் என்பதை சார்ட் சப்ளிமென்ட்டில் பார்த்துக்கொள்ளவும். வழக்கமான ஏற்பாட்டில் ஐந்து நொடிக்குள் ஏழு அழுத்தம் முழு வெளிச்சத்தைத் தரும்.

பகலில் புறப்படும்போது கிரவுண்ட் எனப்படும் தரைக் கட்டுப்பாட்டாளரை அழைக்கும்போதே போகும் திசையையும் ஃபிளைட் ஃபாலோயிங் வேண்டுமென்பதையும் சொல்லிவிட்டால், டிரான்ஸ்பாண்டர் எண் தரையிலேயே கிடைத்துவிடும். ஏறும்போது ஏரிப்பக்கத் திருப்பம் கொடுத்தால், 1,000 அடி எட்டும் வரை கரையோரமாகவே நேராகச் செல்ல அனுமதி கேளுங்கள். அந்த உயரத்துக்குப் பிறகு கரையைச் சறுக்கி அடையும் தூரத்துக்குள் வைத்தபடி திரும்பி, வரும்போது பென்சிலால் எழுதிய அதே அடுக்கு எண்களை எதிர்த்திசையில் பின்பற்றி வெளியேறலாம்.